தலை சேர்ந்தது, வால் கிளம்பவில்லை

1983 அக்டோபரில், கலிபோர்னியாவின் பாசடீனா நகரில் உள்ள கால்டெக் கல்வி நிறுவனத்தில், 64 சின்னக் கணினிகள் ஒன்றுசேர்ந்து ஒரே கணக்கைப் போடத் தொடங்கின. ஒவ்வொன்றிலும் இன்டெல் 8086 ப்ராசசர், தசமக் கணக்குகளுக்காக அதன் பக்கத்தில் ஒரு 8087, 128 கிலோபைட் மெமரி. எல்லாம் அன்றைக்குச் சந்தையில் கிடைத்த சரக்குதான். அப்போதைய ஐபிஎம் பிசியில் இருந்த 8088-ம் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. இயந்திரத்துக்கு காஸ்மிக் கியூப் என்று பெயர் வைத்தார்கள். கணினியியல் பேராசிரியர் சார்ல்ஸ் சைட்ஸ் இயந்திரத்தைக் கட்டினார். இயற்பியல் துறையிலிருந்து ஜெஃப்ரி ஃபாக்ஸ் கணக்குகளோடு வந்தார்.

ஃபாக்ஸ் கொண்டுவந்தவற்றில் முக்கியமானது, புரோட்டானுக்குள் குவார்க்குகள் எப்படிப் பிணைந்து கிடக்கின்றன என்ற கணக்கு. வெளியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியிலும் திரும்பத் திரும்பக் கணக்கிட வேண்டும். அன்றைய பெரிய கணினிகளில் நேரம் வாங்குவது பெரும்பாடு. 64 மலிவான சிப்புகளுக்கு வேலையைப் பங்குபோட்டுக் கொடுத்தால் என்ன என்பதுதான் யோசனை. ஆனால் அந்த 64-க்கும் பொதுவான மெமரி கிடையாது. ஒன்றிடம் இருக்கும் எண் இன்னொன்றுக்கு வேண்டுமானால் செய்தியாக அனுப்பியே ஆகவேண்டும். அந்தச் செய்தி எந்த வழியாகப் போவது, வழியில் யார் அதை வாங்கிக் கொடுப்பது, இரண்டு செய்திகள் ஒரே கம்பிக்கு வந்து நின்றால் என்ன செய்வது? இந்தக் கேள்விகளுக்கு அடுத்த நான்கைந்து வருடங்களில் கிடைத்த விடைகளின் மேல்தான் இன்றைய சூப்பர் கம்ப்யூட்டர்கள் நிற்கின்றன. ப்ராசசர்களின் வேகத்தைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அவற்றுக்கு நடுவில் ஓடும் பாதையைப் பற்றித் தமிழில் போதுமான அளவு பேசவில்லை என்பது என் ஆதங்கம்.

64 கணினிகளையும் ஒன்றோடொன்று நேராக இணைத்தால் 2,016 இணைப்புகள் ஆகும். சைட்ஸ் குழு அதை 192-ல் முடித்தது. ஒவ்வொரு கணினிக்கும் 0 முதல் 63 வரை ஒரு எண் கொடுத்து, அதை ஆறு பிட்டுகளாக எழுதினார்கள். எந்த இரண்டு எண்களுக்கு இடையில் ஒரே ஒரு பிட் மட்டும் மாறுகிறதோ, அந்த இரண்டுக்கும் கம்பி. ஆக ஒவ்வொன்றுக்கும் ஆறு பக்கத்து வீடுகள். இந்த அமைப்புக்கு ஹைப்பர்கியூப் என்று பெயர்; இங்கே ஆறு பரிமாணம்.

இதில் வழி கண்டுபிடிப்பது மிகச் சுலபம். 010110 என்ற முனையிலிருந்து 110011 என்ற முனைக்குச் செய்தி போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் ஒப்பிட்டால் மூன்று பிட்டுகள் மாறுபடுகின்றன. வலது ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு போகலாம்: முதலில் 010111, பிறகு 010011, பிறகு 110011. மூன்று தாவலில் வந்து சேர்ந்தாயிற்று. வரைபடம் வேண்டாம், பட்டியல் வேண்டாம். முகவரியே வழி சொல்லிவிடுகிறது. 1977-லேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சல்லிவனும் பாஷ்கோவும் இந்த முறையை எழுதிவைத்திருந்தார்கள். பிட்டுகளை ஒரே வரிசையில்தான் திருத்த வேண்டும் என்ற ஒழுங்குக்குள் இருந்த பெரிய விஷயம் பத்து வருடம் கழித்துத்தான் முழுசாகத் தெரிந்தது.

காஸ்மிக் கியூபின் தொல்லை வழியில் இல்லை, வழியில் நிற்கிறவர்களிடம் இருந்தது. நடுவில் உள்ள கணினிக்கு ஒரு செய்தி வந்தால், அது தன் கணக்கை நிறுத்த வேண்டும். செய்தியைத் தன் மெமரியில் இறக்க வேண்டும். முகவரியைப் பார்த்து அடுத்த கம்பியில் ஏற்ற வேண்டும். பிறகுதான் விட்ட இடத்துக்குத் திரும்பலாம். ஆறு தாவல் போகும் செய்தி, ஐந்து பேருடைய வேலையைக் கெடுத்துவிட்டுப் போய்ச் சேரும். ஃபாக்ஸின் குவார்க் கணக்கில் ஒவ்வொரு புள்ளிக்கும் தன் அண்டைப் புள்ளிகளின் எண்கள் மட்டும் போதும், அதனால் சமாளிக்க முடிந்தது. யாருக்கு யாரிடம் என்ன தேவைப்படும் என்று முன்கூட்டித் தெரியாத கணக்குகளுக்கு இது உதவாது.

அதே 1983-ல், நாட்டின் மறுகோடியில் மாசசூசெட்ஸில், டேனி ஹில்லிஸ் என்ற எம்ஐடி மாணவர் அப்படிப்பட்ட கணக்குகளுக்காகவே ஒரு கம்பெனி ஆரம்பித்தார். திங்கிங் மெஷின்ஸ் என்று பெயர். அவருடைய கனெக்ஷன் மெஷினில் 65,536 ப்ராசசர்கள். ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் ஒரு பிட்டை மட்டும் கையாளக்கூடிய சிறு உருப்படி. ஒரு சிப்புக்கு 16 ப்ராசசர் என்று 4,096 சிப்புகள், அவற்றைக் கோக்கப் பன்னிரண்டு பரிமாண ஹைப்பர்கியூப். இங்கே செய்தியை வாங்கிக் கொடுக்கும் வேலை ப்ராசசருடையது அல்ல. ஒவ்வொரு சிப்பிலும் அதற்கென்றே ரூட்டர் என்ற தனிச் சுற்றைச் செதுக்கினார்கள். இயந்திரத்தின் கஷ்டமான பகுதியும் அதுவாகத்தான் இருந்தது.

அந்த ரூட்டரோடு மல்லுக்கட்ட வந்தவர் ரிச்சர்ட் ஃபைன்மன். நோபல் பரிசு பெற்ற அதே ஃபைன்மன், கால்டெக்கின் பேராசிரியர். அவருடைய மகன் கார்ல், எம்ஐடியில் ஹில்லிஸுடன் வேலை பார்த்தவர்; அந்த வழியில் பழக்கம். லட்சக்கணக்கில் ப்ராசசர்களைக் கோக்கும் திட்டத்தைக் கேட்டதும் இதைவிட முட்டாள்தனமான யோசனையைக் கேட்டதில்லை என்றாராம். பிறகு 1983 கோடையில் வேலைக்கே வந்துவிட்டார். அறிவுரை சொல்லும் பதவி வேண்டாம், உருப்படியாக ஒரு வேலை கொடுங்கள் என்று நின்றார். என்ன கொடுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. முதலில் அலுவலகத்துக்கு வேண்டிய எழுதுபொருள்களை வாங்கிவர அனுப்பினார்கள். அவர் போய் வருவதற்குள் ரூட்டரை அவர் தலையில் கட்டுவது என்று முடிவெடுத்துவிட்டார்கள். இவற்றையெல்லாம் ஹில்லிஸே பிற்பாடு எழுதிவைத்திருக்கிறார்.

கேள்வி இதுதான். ஒரு ரூட்டருக்குப் பல திசைகளிலிருந்து செய்திகள் வரும். இரண்டு செய்திகளுக்கு ஒரே கம்பி வேண்டியிருந்தால் ஒன்று காத்திருக்க வேண்டும். அதை வைத்துக்கொள்ளும் இடம் பஃபர். ஒவ்வொரு சிப்பிலும் எத்தனை பஃபர் வேண்டும்? குறைந்தால் இயந்திரம் நெரிசலில் திணறும். கூடினால் சிப் பெருத்துவிடும். கம்பெனியின் பொறியாளர்கள் தங்களுக்குத் தெரிந்த முறையில், தனித்தனிச் செய்திகளாக எண்ணிக் கணக்குப் போட்டு, ஏழு என்றார்கள். ஃபைன்மன் ஓர் இயற்பியலாளர் செய்வதைச் செய்தார். செய்தியின் முகவரியில் இன்னும் திருத்தப்படாமல் இருக்கும் பிட்டுகளின் சராசரி எண்ணிக்கையைத் தொடர்ந்து மாறும் ஓர் அளவாக எடுத்துக்கொண்டு, பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளை எழுதினார். அவருடைய விடை ஐந்து.

பூஜ்யமும் ஒன்றுமாக இயங்கும் சுற்றை நீரோட்டத்தைப் போல் நடத்தியது பொறியாளர்களுக்கு விநோதமாகப் பட்டது. செப்டம்பரில் பத்திரமான வழியைத் தேர்ந்தெடுத்து ஏழு என்றே வைத்துக்கொண்டார்கள். அடுத்த வசந்தத்தில் சிப் கொஞ்சம் பெரிதாகிவிட்டது, இந்த அளவில் தயாரிக்க முடியாது என்று தெரியவந்தது. சுருக்க ஒரே வழி, பஃபரை ஐந்தாகக் குறைப்பது. துணிந்து குறைத்தார்கள். 1985 ஏப்ரலில் இயந்திரம் தன் முதல் ப்ரோக்ராமை ஓட்டியது. ஐந்து போதுமானதாக இருந்தது.

ஐந்தும் நிறைந்துபோனால்? ரூட்டர் ஒரு செய்தியை, அது போக வேண்டாத திசையில் இருக்கும் அண்டை சிப்புக்குத் தள்ளிவிடும். செய்தி ஒரு சுற்றுச் சுற்றி வந்து சேரும், தொலைந்துபோகாது. ஹில்லிஸின் எம்ஐடி ஆய்வேடு இதை ரூட்டரின் ஐந்து வேலைகளில் ஒன்றாகவே கணக்கில் சேர்க்கிறது. நெரிசலை வழக்கமான நிலைமையாக ஒப்புக்கொண்டு சுற்றை வரைந்ததை நான் பெரிய முதிர்ச்சியாகப் பார்க்கிறேன்.

நெரிசல் வழக்கமானதுதான் என்பதற்குக் கணிதச் சான்று ஏற்கெனவே வந்திருந்தது. பன்னிரண்டு பிட் முகவரியை ஆறு, ஆறாக இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முனையும், தன் முகவரியின் இரண்டு பாதிகளையும் இடம் மாற்றினால் என்ன வருமோ அந்த முனைக்குச் செய்தி அனுப்புகிறது. ஒரு மேட்ரிக்ஸின் நிரைகளை நிரல்களாகத் திருப்பும்போது நடப்பது இதேதான், அபூர்வமான சூழ்நிலை ஒன்றும் இல்லை. வலது ஓரத்திலிருந்து பிட் திருத்தும் முறையில் என்ன ஆகும்? இடது பாதி ஒன்றாக உள்ள 64 முனைகளின் செய்திகளும், இரண்டு பாதியும் ஒன்றாக உள்ள ஒரே முனையைக் கடந்துதான் போக வேண்டும். அங்கிருந்து கிளம்பும் கம்பிகளில் ஒன்றின் மேல் 32 செய்திகள் குவியும். 4,096 முனைகளில் பெரும்பாலானவற்றின் கம்பிகள் சும்மா கிடக்க, ஒரு சிலவற்றின் முன்னால் வரிசை கட்டி நிற்கும்.

லெஸ்லி வேலியன்ட் இதற்குச் சொன்ன மருந்து 1981-82-ல் வந்தது. செய்தியை நேராகச் சேருமிடத்துக்கு அனுப்பாதே. முதலில் குருட்டாம்போக்கில் ஏதோ ஒரு முனையைத் தேர்ந்தெடு. அங்கே அனுப்பு. அங்கிருந்து சேருமிடத்துக்கு அனுப்பு. தூரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும்தான். ஆனால் எப்பேர்ப்பட்ட கோணலான ஏற்பாட்டையும் இந்த முதல் பயணம் கலைத்துப் பரப்பிவிடுகிறது. ஒரே இடத்தில் கூட்டம் சேர்வதற்கான வாய்ப்பு மிக அருகிப்போகிறது. முனைகள் இரண்டு மடங்கானாலும் நேரம் ஒரு படி மட்டும் கூடும். சுற்றிப் போனால் சீக்கிரம் போகலாம் என்பதைக் கணிதம் நிரூபித்த இடம் இது. முதன்முதலில் படித்தபோது நம்ப மனம் வரவில்லை. மேலே சொன்ன 32 செய்திகளைத் தாளில் வரைந்து பார்த்த பிறகுதான் வந்தது.

இனி பாசடீனாவுக்குத் திரும்பலாம். சைட்ஸிடம் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த வில்லியம் டாலியும் சைட்ஸும் சேர்ந்து, 1986-ல் டோரஸ் ரூட்டிங் சிப் என்ற ஒரு சின்ன சிப்பைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். என் பார்வையில் இந்தக் கதையின் நடுநாயகம் இந்த சிப்தான்.

விதை பக்கத்து ஊரில் விழுந்திருந்தது. 1979-ல் லாஸ் ஏஞ்சலஸின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் கெர்மானியும் கிளைன்ராக்கும் ஒரு கேள்வி கேட்டார்கள். முகவரி, செய்தியின் தலைப்பிலேயே இருக்கிறது. அதைப் படித்ததும் வழி தெரிந்துவிடுகிறது. மீதிச் செய்தி வந்து சேரும்வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? அடுத்த கம்பி காலியாக இருந்தால் தலையை அப்போதே அனுப்பிவிடலாமே. அவர்கள் முறையில் அடுத்த கம்பி காலியாக இல்லாவிட்டால் முழுச் செய்தியையும் அந்த முனை வாங்கி வைத்துக்கொள்ளும். அதற்கு மெமரி வேண்டும். ஒரு சிப்புக்குள் அவ்வளவு இடம் எங்கே இருக்கிறது?

டாலியும் சைட்ஸும் அதையும் விட்டார்கள். தலை நின்றால் செய்தி நின்ற இடத்தில் நிற்கட்டும் என்றார்கள். செய்தியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டினார்கள். துண்டுக்கு ஃபிளிட் என்று பெயர். ஒவ்வொரு ரூட்டரும் ஓரிரு ஃபிளிட்டுகளை வைத்துக்கொண்டால் போதும். நீளமான கூட்ஸ் வண்டி ஓடுவதைப் போன்ற ஏற்பாடு. எஞ்சின் மூன்றாவது ஸ்டேஷனைத் தாண்டும்போது கார்டு பெட்டி முதல் ஸ்டேஷனிலேயே இருக்கும். சிக்னல் விழாவிட்டால் மொத்த வண்டியும் வழிநெடுகத் தண்டவாளத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். இந்த முறைக்கு வார்ம்ஹோல் ரூட்டிங் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

அந்த சிப்புக்குக் கடிகாரத் துடிப்பு கிடையாது. பக்கத்து சிப்பிடம் தயாரா என்று கேட்டு, தயார் என்று பதில் வந்ததும் அடுத்த பைட்டைக் கொடுக்கும். முதல் தடவை தயாரித்து வந்த சிப்பே ஒவ்வொரு திசையிலும் நொடிக்கு 64 மெகாபிட் கடத்தியது. காஸ்மிக் கியூபின் இணைப்புகளைப் போல் ஏறக்குறையப் பத்து மடங்கு. ஒரு ரூட்டரைக் கடக்க 150 நானோ நொடி. இந்த எண்களை வைத்து ஒரு கணக்குப் போடலாம். 100 பைட் செய்தி, பத்துத் தாவல். ஒவ்வொரு முனையிலும் முழுசாக இறக்கி ஏற்றினால் ஒரு தாவலுக்கு 12.5 மைக்ரோ நொடி, பத்துக்கு 125. வார்ம்ஹோல் முறையில் தலை பத்து ரூட்டரையும் கடக்க 1.5, பின்னால் உடம்பு வந்து சேர 12.5, மொத்தம் 14. தாவல் இருபதானாலும் கூடப்போவது ஒன்றரை மைக்ரோ நொடிதான். தலை போய்ச் சேரும்போது வால் இன்னும் புறப்பட்டிருக்காது.

ஆனால் கூட்ஸ் வண்டிகள் வட்டப்பாதையில் ஓடினால் ஒரு பேராபத்து இருக்கிறது. நான்கு முனைகள் வட்டமாக இணைந்திருக்கின்றன. நான்கு செய்திகள் ஒரே நேரத்தில் கிளம்பி ஆளுக்கொரு கம்பியைப் பிடித்துக்கொண்டன. ஒவ்வொன்றுக்கும் அடுத்த கம்பி வேண்டும், அது இன்னொன்றின் பிடியில். யாரும் விடமாட்டார்கள், யாரும் நகரமுடியாது. இது டெட்லாக். காத்திருந்தால் தீரக்கூடிய நெரிசலாக இருந்தால் பரவாயில்லை. இது தீரவே தீராது. ஆயிரம் ப்ராசசர் இயந்திரம் மொத்தமும் உறைந்துபோகும்.

இதற்கு அவர்கள் கண்ட தீர்வை என்னால் வியக்காமல் சொல்ல முடியாது. ஒரே கம்பிக்கு இரண்டு தனிப் பஃபர்களை வைத்தார்கள். ஓடுவது ஒரே கம்பியில்தான், ஆனால் காத்திருக்கும் இடம் இரண்டு. எனவே ஒரு வரிசை நின்றுபோனாலும் மற்றது நகரும். இவை விர்ச்சுவல் சேனல்கள். இப்போது ஒரு விதி. செய்தி நிற்கும் முனையின் எண், சேருமிடத்தின் எண்ணைவிடக் குறைவு என்றால் மேல் சேனல். அதிகம் என்றால் கீழ் சேனல். 0, 1, 2, 3 என்று சுற்றும் வட்டத்தில் 2-லிருந்து 1-க்குப் போகும் செய்தியைப் பாருங்கள். 2-ல் கீழ் சேனல், 3-ல் கீழ் சேனல், 0-க்கு வந்ததும் மேல் சேனல், பிறகு 1. கீழிலிருந்து மேலுக்கு மாறலாம், மேலிலிருந்து கீழுக்கு யாரும் வருவதில்லை. மேல் சேனலில் யாரும் 3-லிருந்து 0-க்குத் தாண்டுவதும் இல்லை. சேனல்களை வரிசையாக எழுதினால் ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் முடிந்துவிடும். கடைசிச் சேனலில் இருக்கும் செய்திக்கு முன்னால் யாரும் இல்லை, அது போய்விடும். அது போனதும் அதற்குப் பின்னால் நிற்பது. இப்படியே எல்லாம் கழன்றுவிடும்.

1987 மே மாதம் இருவரும் இதைப் பொதுவான தேற்றமாக நிறுவினார்கள். எந்தச் சேனலைப் பிடித்துக்கொண்டிருப்பவர் எந்தச் சேனலுக்காகக் காத்திருக்க நேரும் என்று அம்புக்குறி போட்டு ஒரு படம் வரை. அந்தப் படத்தில் சுழல் இல்லாவிட்டால் டெட்லாக் வராது. வழி நிலையாக வகுக்கப்பட்ட முறைகளில், சுழல் இருந்தால் டெட்லாக்குக்கு இடமுண்டு. பிட்டுகளை ஒரே வரிசையில் திருத்தும் பழைய ஒழுங்கின் மகிமை இங்கேதான் முழுசாக வெளிச்சத்துக்கு வந்தது. கீழ்ப் பரிமாணத்திலிருந்து மேல் பரிமாணத்துக்குத்தான் போகிறோம், திரும்புவதில்லை. ஆகவே சுழல் உண்டாக வழியே இல்லை.

விளைவுகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஹைப்பர்கியூபைக் கட்டியதே தாவல்களைக் குறைக்கத்தான். தாவலின் விலை நானோ நொடிகளுக்கு இறங்கியபோது அதற்கான தேவை போய்விட்டது. ஒரு சிப்பிலிருந்து வெளியே வரக்கூடிய கம்பிகளுக்கு ஓர் அளவு உண்டு. அவற்றைப் பன்னிரண்டு திசைக்குப் பிரித்துக் கொடுத்தால் ஒவ்வொரு பாதையும் ஒல்லியாகிவிடும். நான்கு திசைக்குக் கொடுத்தால் அகலமான பாதை கிடைக்கும். 1991-ல் அதே கால்டெக்கில் இன்டெல்லின் டச்ஸ்டோன் டெல்டா வந்து இறங்கியபோது அதன் ப்ராசசர்கள் கட்டம் போட்ட தாளைப் போலத் தட்டையான இரு பரிமாண வலையில், வார்ம்ஹோல் முறையில் இணைந்திருந்தன. 1993-ன் க்ரே டி3டி மூன்று பரிமாணத்தை எடுத்துக்கொண்டது. திங்கிங் மெஷின்ஸும் தன் கடைசிப் பெரிய இயந்திரத்தில் ஹைப்பர்கியூபை விட்டுவிட்டது. 1994-ல் கம்பெனி திவாலானது.

டெட்லாக் விதியையும் பிற்பாடு தளர்த்தினார்கள். ஸ்பெயினின் ஹோசே துவாத்தோ 1993-ல், சுழல்கள் இருந்தாலும் பரவாயில்லை, எந்தச் செய்தியும் எப்போது வேண்டுமானாலும் தப்பித்துப் போக சுழலற்ற ஒரு சேனல் தொகுதி இருந்தால் போதும் என்று காட்டினார். அதன் பிறகு நெரிசலைப் பார்த்து வழியை மாற்றிக்கொள்ளும் ரூட்டர்கள் தைரியமாக வரத் தொடங்கின. டாலி எம்ஐடிக்கும் ஸ்டான்ஃபோர்டுக்கும் போய், 2009-ல் என்விடியாவின் தலைமை விஞ்ஞானியானார்.

2008-ல் ஜான் கிம், டாலி, ஸ்டீவ் ஸ்காட், டென்னிஸ் ஆப்ட்ஸ் நால்வரும் டிராகன்ஃபிளை என்ற புதிய இணைப்பு முறையை முன்வைத்தார்கள். ரூட்டர்கள் குழுக்களாக இருக்கும்; குழுவுக்குக் குழு நீண்ட கம்பி. நேர்வழி நெரிந்திருந்தால் செய்தி வேறு ஏதோ ஒரு குழுவுக்குப் போய் அங்கிருந்து சேருமிடம் போகும். இது வேலியன்ட்டின் மருந்து. நேர்வழிக்கு இரண்டு விர்ச்சுவல் சேனல், சுற்றுவழிக்கு மூன்று. இது 1987-ன் தேற்றம். 2022-ல் டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில், நொடிக்குப் பத்தாயிரம் கோடிக் கோடியைத் தாண்டிய கணக்குகளைப் போட்டு முதலிடம் பிடித்த ஃபிரான்டியர் இயந்திரத்தின் 9,400-க்கும் மேற்பட்ட முனைகள் பேசிக்கொள்வது டிராகன்ஃபிளை வலையின் வழியாகத்தான்.